தொங்குபட்டை வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: மேலே மாட்டிய இரு நாடாக்களின் கைப்பிடிகளைப் பிடித்து, உடல் எடையை வைத்தே செய்யும் தொங்குபட்டைப் பயிற்சியைத் தொடங்கப்போகிறேன். பெயர்பெற்ற டிஆர்எக்ஸ் (TRX) பட்டையின் விலையில் பாதிகூட இல்லாமல், பார்க்க அச்சு அசலாக அதே போன்ற பட்டைகள் கிடைக்கின்றன. பெட்டியில் ‘500 கிலோ தாங்கும்’ என்று வேறு போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: மலிவானதை வாங்கலாம், அந்த 500-ஐ மட்டும் நம்ப வேண்டாம். அறுந்துபோகும் எடை அதுவா, அன்றாடம் பயமின்றி ஏற்றக்கூடிய எடையா என்று பெட்டி சொல்வதில்லை. இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் உண்டு. நாடாவை மட்டும் இழுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு என்றால் உங்களுக்கு அதனால் பயனும் இல்லை. அகலமான நைலான் நாடா லேசில் அறுந்துவிடாது. காலை வாருவது தையலும், நாடாவின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பிடிக்கும் பக்கிளும்தான்.

எனவே பட்டை கைக்கு வந்ததும் தையலைப் பாருங்கள். நாடா மடிந்து கைப்பிடியைச் சுற்றி வரும் இடத்தில், கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டதுபோலவோ, நெருக்கமான குறுக்கு வரிசைகளாகவோ நூல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்தது பக்கிள். நீளத்தை ஓரிடத்தில் நிறுத்தி, பக்கிளை ஒட்டி நாடாவில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லேசாகச் சாய்ந்து சில முறை நன்றாக இழுத்த பிறகு கோடு விலகியிருந்தால், பக்கிளின் பற்கள் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மேலே இரு பட்டைகளும் சேரும் இடத்தில் பூட்டு வளையம் உண்டா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு கை கீழே இறங்கும்போது மறு கை மேலே ஏறும். கப்பி வைத்து வேண்டுமென்றே அப்படிச் செய்தவையும் விற்கின்றன. புதியவர்களுக்கு அவை வேண்டாம்.

டிஆர்எக்ஸை உருவாக்கிய ராண்டி ஹெட்ரிக் அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ என்ற சிறப்பு அதிரடிப் படையில் இருந்தவர். முதலில் அவர் பயன்படுத்தியது ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையில் கட்டும் ஒரு பெல்ட்டும் பாராசூட் நாடாவும்தான். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கூடுதல் விலையில் ஒரு பங்கு தரத்துக்கு, ஒரு பங்கு பெயருக்கு.

கேள்வி: வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. கதவில் மாட்டினால் போதுமா? கூரையில் மின்விசிறிக் கொக்கி ஒன்று சும்மாதான் இருக்கிறது.

பதில்: அந்தக் கொக்கியை மறந்துவிடுங்கள். அது அசையாமல் தொங்கும் சிறிய எடைக்கானது. நீங்கள் ஆடி இழுக்கும்போது விழும் பாரம் உங்கள் எடையையும் தாண்டும். கொக்கி உள்ளே எப்படிப் பதிந்திருக்கிறது என்பதும் கீழிருந்து பார்த்தால் தெரியாது.

கதவு போதும், அது கனமான மரக்கதவாக இருந்தால். உள்ளே வெற்றிடமுள்ள கதவும், நகர்த்தித் திறக்கும் கதவும் ஆகாது. நிற்கும் பக்கம்தான் இங்கே முக்கியம்: நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தோடு இறுக வேண்டும். உங்கள் பக்கம் திறக்கும் கதவு என்றால் அது மொத்தமாக உங்கள் மேல் வந்து விழும். சரியான பக்கம் நின்றாலும், மறுபுறத்திலிருந்து யாராவது திறந்தால் மல்லாந்து விழுவீர்கள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டையை மேலே மாட்ட என்று, சாவிக்கொத்தில் மாட்டும் அலங்காரக் கொக்கியை இலவசமாகத் தருகிறார்கள் சிலர். மலையேறுபவர்களின் கொக்கியில் தாங்குதிறன் கிலோநியூட்டனில் பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடையின் இழுவிசை. எண் எதுவும் பொறிக்காத கொக்கியில் உடலைத் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: பட்டைக்குப் பதில் ஜிம்னாஸ்டிக் வளையங்கள் வாங்கலாமா?

பதில்: புல்-அப் (தொங்கியபடி உடலை மேலே இழுப்பது), டிப்ஸ் (கைகளை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது) இவைதான் குறி என்றால் வளையமே மேல். போட்டிகளில் பயன்படுவது 28 மி.மீ. தடிமன், பெரிய கை உள்ளவர்களுக்கு 32 மி.மீ. வசதி. வியர்த்த கைக்கு மரம் பிடிக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். ஓர் அடி முன்னே நின்றோ பின்னே நின்றோ பாரத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகப் பட்டைதான் எளிது.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய பட்டையும், மணிலா நாரில் முறுக்கிய ஏறுகயிறும் பாதி விலைக்கு வருகின்றன. வாங்கலாமா?

பதில்: பட்டை வேண்டாம். வெயிலில் கிடந்த நைலான் வலுவிழக்கும். வெளியே தெரிவது நிறம் மங்குவது மட்டும்தான். கயிற்றை வேண்டுமானால் பாருங்கள். முறுக்கை எதிர்ப்பக்கம் திருகி, புரிகளைப் பிரித்து உள்ளே பாருங்கள். நார் வெளிறிப் பளிச்சென்று இருந்தால் நல்லது. பொடி உதிர்ந்தாலோ ஊசல் வாடை அடித்தாலோ உள்ளே மக்கிவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.