பழைய பல்கலைக்கழகக் கட்டடங்களை நீர்வர்ணத்தில் வரையும்போது கற்களையும் கூரை ஓடுகளையும் ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் இது எனக்குப் புரிவதற்குள் நல்ல கடதாசிகள் பல வீணாகிப் போயின.

நான் திருகோணமலையில் படவரைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துப் பழகிய கை என்பதால், மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அங்கே போனபோது, செனற் கட்டடத்தின் கூரை ஓடுகளை வரிசை வரிசையாகப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வர்ணமும் தீட்டினேன். முடிவில் அது பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்துக்குச் செம்மண் பூசியது போலிருந்தது.

அடுத்த முறை கூரை முழுவதற்கும் நீர்த்த பூச்சு ஒன்றை மட்டும் கொடுத்து, இறவாணத்து விளிம்பில் ஏழெட்டு ஓடுகளை மாத்திரம் காட்டினேன். தூண்களைத் தொடவேயில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பேர்ண்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்தால் தூண்களுக்கு இடையே தெரிந்த இருளைத் தீட்டினேன். வெறும் கடதாசியே வெயில் பட்ட கற்றூணாக எழுந்து நின்றது. நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது நாம் பூசுவதன்று, பூசாமல் விடுவது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்காட்டிக்காக ஆங்கில ஓவியர் டேர்னர் 1799 ஆம் ஆண்டளவில் தொடங்கி வரைந்த பத்து நீர்வர்ண ஓவியங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். அவர் இளமையில் கட்டடப் படவரைஞரான தோமஸ் மோல்டனிடம் பயின்றவர். 1807 இல் லண்டனின் றோயல் அக்கடமி என்னும் கலைக் கழகத்தில், தூரத்துக்கேற்ப அளவு மாற்றி வரையும் பேர்ஸ்பெக்டிவ் முறைக்குப் பேராசிரியரானவர். ஆகவே நுணுக்கங்களை அளவு தெரியாமல் விட்டவர் அல்லர். கோபுரமும் சாளரமும் பிசகாமல் இடத்தில் நிற்க, கண் முதலில் போவது வானத்துக்கும் நிழலுக்கும்தான். எனவே அடிப்படைக் கோடுகளை ஒழுங்காகப் போடுங்கள். அதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

நிழல்களை ஒரே கலவையால், நிறுத்தாமல் தீட்ட வேண்டும். நம் ஊரில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் தூரிகை மறு முனைக்குப் போகுமுன் பூச்சின் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் ஆடியில் நான் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். கடதாசியிலும் கவனம் தேவை. ஒரு கடையில் நெடுநாள் கிடந்த விலையுயர்ந்த பருத்திக் கடதாசியை வாங்கினேன். கடற்காற்றின் ஈரத்தில் நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் அதன் பசைப்பூச்சு கெட்டிருந்ததால், வர்ணம் மையொற்றுத்தாளில் போல் புள்ளி புள்ளியாக ஊறியது. வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது பென்சிலுக்கே உதவும்.

பேராதனைக்குப் போகுமுன் பழக வேண்டுமென்றால் நம் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை வாசல் போதும். வெயில் சாயும் நேரத்தில் அந்த வளைவுக்குள் தேங்கும் இருளை மட்டும் முதலில் தீட்டுங்கள். நீர்க் குவளையை அங்கே திரியும் மான்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.