டவர் பெட்டிக்கு மாற்றிய அமிகா 1200-க்கு ஏடிஎக்ஸ் (மேசைப் பிசிக்களில் வழக்கமாக வரும்) பவர் சப்ளையைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். 1992-இல் கமடோர் வெளியிட்ட வீட்டுக் கணினியான அமிகா 1200-உடன் வந்த சப்ளை 5 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் மட்டுமே தரும் என்பதால், வேகமான செயலியைச் சேர்க்கும் ஆக்சிலரேட்டர் அட்டையும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்த டவருக்கு அது போதாது.

மதர்போர்டுக்கு +5, +12, -12 வோல்ட், கிரவுண்ட் ஆகியவை தேவை. ஏடிஎக்ஸில் இவை முறையே சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஒயர்கள். நீல ஒயரை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள்: ஒலிப்பகுதியும் சீரியல் போர்ட்டும் -12 வோல்ட்டை நம்பியிருக்கின்றன. ஃபிளாப்பிக்கான பவர் இணைப்பு வழியாக மட்டும் மின்சாரம் கொடுத்தால் அது கிடைக்காது. பச்சை ஒயரைக் கறுப்புடன் ஒரு சுவிட்ச் வழியாக இணைத்தால்தான் சப்ளை இயங்கும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. விலை குறைந்த சப்ளைகள் பலவற்றில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒன்றாகவே சீராக்கப்படுவதால், அமிகாவைப் போல 5 வோல்ட்டை அதிகமாகவும் 12 வோல்ட்டை மிகக் குறைவாகவும் இழுக்கும்போது 5 வோல்ட் தாழ்ந்துவிடும். 12 வோல்ட்டில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். என் டவரில் மெல்லிய ஒயர் போட்டிருந்தபோது சப்ளை முனையில் 5.05 காட்டிய மல்டிமீட்டர், மதர்போர்டில் 4.7 மட்டுமே காட்டியது. தடித்த ஒயராக மாற்றியதும் காரணமற்ற ரீசெட்டுகள் நின்றன. ஆகவே அளவை எப்போதும் போர்டின் மேலேயே, இயந்திரம் ஓடும்போதே பாருங்கள், 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது.

முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன், போர்டை இணைக்காமல் ஒவ்வொரு முனையையும் அளந்துவிடுங்கள். 5 வோல்ட் முனையில் 12 வோல்ட் ஏறினால், இன்று புதிதாகத் தயாரிக்கப்படாத சிப்புகளை இழப்பீர்கள்.