வயரைக் கழற்றிவிட்டால் உள்ளீடு 0 ஆகிவிடுமா?

முதலாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி: "74எல்எஸ்08 ஐசியில் ஆண்ட் கேட் சோதித்தேன். 1, 2ஆம் பின்களில் இருந்த வயர்களைக் கழற்றிய பிறகும் எல்இடி எரிகிறது. மெய் அட்டவணைப்படி அணையத்தானே வேண்டும்? ஐசி போய்விட்டதா?"

ஐசி நன்றாகவே இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயரைக் கழற்றினால் 0 என்று நினைத்ததுதான் சிக்கல். எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் மெய் அட்டவணையில் வரும் 0 என்பது "ஒன்றும் இணைக்கவில்லை" என்பதல்ல; அந்தப் பின்னில் 0.8 வோல்ட்டோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். 2 வோல்ட்டும் அதற்கு மேலும் 1. எல்எஸ் வகை ஐசியின் உள்ளீட்டுப் பின்னிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் வெளியே தரைக்குப் போனால்தான் ஐசி அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். வயரே இல்லாவிட்டால் அது போக வழியில்லை. அதனால் உள்ளே 1 என்றே பதிவாகிறது. உங்கள் இரண்டு உள்ளீடுகளும் 1; இரண்டும் 1 என்றால் ஆண்ட் கேட்டின் வெளியீடும் 1. எல்இடி எரிவது சரிதான்.

இப்போது 1ஆம் பின்னை மட்டும் கிரவுண்டில் செருகிப் பாருங்கள், அணைந்துவிடும்.

சுவிட்ச் வைப்பதானால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வையுங்கள். பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அழுத்தினால் 0, விட்டால் 1. இதைத் தலைகீழாக்கி, சுவிட்சை 5 வோல்ட் பக்கமும் அதே ரெசிஸ்டரைக் கிரவுண்ட் பக்கமும் போடுபவர்கள் நிறைய. எல்எஸ் வகைக்கு அது ஒத்துவராது. பின்னிலிருந்து வரும் மின்னோட்டம் 0.4 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். 10 கிலோ ஓமில் அது பின்னின் மின்னழுத்தத்தை 0.8 வோல்ட்டுக்கு மேல் எழுப்பிவிடும். 0 வர வேண்டிய இடத்தில் 1! அப்படித்தான் வைக்க வேண்டும் என்றால் 1 கிலோ ஓம் போடுங்கள், 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

74எச்சி08 கையில் இருந்தால் கதை வேறு. அது சீமாஸ் (CMOS) என்ற வேறு வகை ஐசி, உள்ளீட்டில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் 10 கிலோ ஓமை எந்தப் பக்கமும் போடலாம். ஆனால் அந்தப் பின்னைச் சும்மா விட்டால் அது 1 என்றும் சொல்லாது, 0 என்றும் சொல்லாது. பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே எல்இடி மினுக்கும். பேய் பிடித்த சர்க்யூட் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். இந்த வகையில் பயன்படுத்தாத கேட்டுகளின் உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஐசி வீணாக மின்சாரம் இழுக்கும்.

அப்புறம் இன்னொன்று. எல்எஸ் வெளியீடு 1 நிலையில் தர வேண்டியது 0.4 மில்லி ஆம்பியர்தான். 0 நிலையில் 8 மில்லி ஆம்பியர் வரை வாங்கிக்கொள்ளும். ஆகவே எல்இடி மங்கலாக எரிந்தால், அதை 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாக வெளியீட்டுக்கு இணையுங்கள். பளிச்சென்று எரியும். ஆனால் வெளியீடு 0 ஆகும்போதுதான் எரியும் என்பதை ரெக்கார்டு நோட்டில் எழுதிவையுங்கள்.