களத்துக்கு வெளியே ஒரு பயிற்சியாளர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் உடி மெக்கார்வி என்பவரை ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் பயிற்சியாளராக இருந்தவர் பிற்காலத்தில் அணியின் நிர்வாக அலுவலகத்துக்கு மாறினார் என்று மட்டுமே அதில் இருந்தது.

என் மகன் அமெரிக்காவில் விளையாட்டு மேலாண்மை படிக்கிறான். தன் பல்கலைக்கழக அணியின் செயல்பாட்டு இயக்குநரிடம் மாணவ உதவியாளனாகச் சேர்ந்திருக்கிறான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பேருந்து, ஓட்டல் அறை, சாப்பாட்டு நேரம் இவற்றைப் பற்றியே சொல்கிறான். பயிற்சியாளராக வேண்டும் என்று போனவன் வேறு எதிலோ சிக்கிக்கொண்டானோ என்று கவலையாக இருக்கிறது. மெக்கார்வி போன்றவர்கள் இந்த வேலைக்கு வருவது பதவியிறக்கம் இல்லையா? களத்தில் சாதிக்க முடியாதவர்களுக்கு ஒதுக்கப்படும் இடம்தானே இது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

பதவியிறக்கம் அல்ல என்பதே என் உறுதியான எண்ணம். நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிச் சென்ற மெக்கார்வியின் வாழ்க்கையைக் கொண்டே அதை விளக்க முயல்கிறேன்.

அலபாமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த மெக்கார்வி, 1980களில் தலைமைப் பயிற்சியாளர் டேனி ஃபோர்டின் கீழ் கிளெம்சனில் பயிற்சியாளராக இருந்தார். 1990இல் ஜீன் ஸ்டாலிங்ஸ் அலபாமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானபோது, ரிசீவர்களுக்கான, அதாவது ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கும் வீரர்களுக்கான பயிற்சியாளராக அங்கே சென்றார். 1992 பருவத்தில் ஒரு போட்டியிலும் தோற்காத அந்த அணி, 1993 ஜனவரி 1 அன்று நியூ ஆர்லியன்ஸில் மயாமியை 34–13 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. உதவித்தொகை எதுவும் இல்லாமல், தானாகவே வந்து முயன்று அணியில் இடம்பிடித்த ஒரு மாணவரும் அப்போது மெக்கார்வியின் பிரிவில் இருந்தார். அவர் பெயர் டாபோ ஸ்வினி. பின்னர் டென்னசியில் பணியாற்றிய மெக்கார்வி, 2004இல் மிசிசிப்பி ஸ்டேட் அணியில் தலைமைப் பயிற்சியாளர் சில்வெஸ்டர் க்ரூமின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார், அதாவது பந்து கையில் இருக்கும்போது அணி ஆடும் முறையை வகுப்பவரானார். அந்த அணி ஆடும் சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பின் வரலாற்றில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் க்ரூம். 2008 பருவத்தின் கடைசிப் போட்டியில் அதே மாநிலத்தின் மற்றோர் அணியான மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 45–0 என்று தோற்றதும் அவர் பதவி விலகினார். தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் சேர்த்த உதவியாளர்களும் பெரும்பாலும் போக வேண்டியதுதான் என்பது அங்கே எழுதப்படாத வழக்கம்.

அதே நாட்களில் கிளெம்சனில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2008 அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளர் டாமி பௌடன் பருவத்தின் நடுவிலேயே விலக, ரிசீவர் பயிற்சியாளராக இருந்த ஸ்வினி தற்காலிகப் பொறுப்பேற்று, டிசம்பரில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரானார். அப்போது அவருக்கு வயது 39. ஒருங்கிணைப்பாளர் பதவியைக்கூட அதுவரை வகித்ததில்லை. 2000இல் அலபாமாவில் வேலையிழந்து, இரண்டாண்டுகள் வணிகக் கட்டட நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துவிட்டுக் களத்துக்குத் திரும்பியவர் அவர். அப்படிப்பட்டவர் 2009இல் தன் பழைய ஆசிரியரைக் கால்பந்து நிர்வாகப் பொறுப்புக்கு அழைத்தார். அந்தத் தொடக்க நாட்களில் ஸ்வினி எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஒரு பிரிவை மட்டுமே நடத்திப் பழகியவருக்குத் திடீரென்று முழு அமைப்பையும் நடத்தும் பொறுப்பு வரும்போது, பதவிக்காகத் தன்னோடு போட்டியிடாத, தன்னை மாணவப் பருவத்திலிருந்தே அறிந்த, தவறு செய்தால் நேருக்கு நேர் சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவர் அதே கட்டடத்தில் இருப்பது எத்தனை பெரிய பலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாணவரின் கீழ் ஆசிரியர் பணியாற்ற முன்வந்ததை நான் தாழ்வாகப் பார்க்கவில்லை. மெக்கார்வியிடம் எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கியதே அந்தச் செயல்தான். 2016, 2018 ஆகிய இரு பருவங்களில் கிளெம்சன் தேசியப் பட்டம் வென்றபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

இனி, உங்கள் மகன் சொல்லும் பேருந்துக்கும் ஓட்டலுக்கும் வருகிறேன். கல்லூரி அணிகள் பல, உள்ளூரில் ஆடும்போதுகூட, முந்தைய இரவு ஓட்டலில் தங்குகின்றன. கூட்ட அறைகள், உணவு, இரவில் எல்லோரும் அறையில் இருக்கிறார்களா என்ற சோதனை, காவல்துறைத் துணையோடு மைதானம் செல்லும் நேரம் என்று அனைத்தும் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்படுகின்றன. கிளெம்சனில் இதற்கு ஒரு தனி அழகு உண்டு. உள்ளூர்ப் போட்டிக்கு முன் வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து நேராகக் களத்துக்கு வருவதில்லை. பேருந்துகளில் ஏறி, மைதானத்தைச் சுற்றிச் சென்று, எதிர்ப்புறத்து மேட்டில் இறங்கி, ‘ஹாவர்டின் பாறை’ எனப்படும் கல்லைத் தொட்டுவிட்டுச் சரிவில் ஓடி இறங்குகிறார்கள். 80,000க்கும் மேற்பட்டோர் நேரிலும், அதைவிடப் பலமடங்கு மக்கள் தொலைக்காட்சியிலும் பார்க்கும் அந்தக் காட்சி குறித்த நேரத்தில் நடக்க வேண்டும் என்றால், அந்தப் பேருந்துகள் எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒருவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

2018 பருவத்தின் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 29 அன்று டெக்சஸில் நோட்ர டேமை 30–3 என்று வென்ற அணி, ஜனவரி 7 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் இறுதிப்போட்டி ஆட வேண்டும். இடையில் இருந்தவை ஒன்பதே நாட்கள். தென் கரோலினாவுக்குத் திரும்பி, நாட்டின் மறுகரைக்கு நூற்றுக்கணக்கானோரையும் தளவாடங்களையும் கொண்டு சென்று, நேர வேறுபாட்டில் உடலும் தூக்கமும் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஏதாவது பிசகினால் அது ஆட்டத்தில் தெரியும். அலபாமாவைக் கிளெம்சன் 44–16 என்று வென்றது. அந்த வெற்றியை விமான ஏற்பாடு பெற்றுத் தந்தது என்று நான் சொல்லவில்லை. வீரர்கள் விளையாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்கான சூழலை உண்டாக்குவது பயிற்சியின் ஒரு பகுதி என்கிறேன். 2020 நவம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணியின் ஊரான தல்லஹாசிக்குச் சென்றிறங்கிய பிறகு, கிளெம்சன் வீரர் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானதால், ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது அந்த அணியுடனான போட்டி தள்ளிவைக்கப்பட்டது. அது பிறகு நடக்கவே இல்லை. விளையாடத் தயாராகிக் கொதித்துக்கொண்டிருக்கும் இளைஞர் கூட்டம் ஒன்றை அதே நாளில் பத்திரமாக வீடு சேர்ப்பதற்கு, அவர்களின் மனநிலையை அறிந்த ஒருவர் வேண்டும். களத்தில் பல்லாண்டு நின்ற பயிற்சியாளர்கள் இந்த அலுவலகங்களில் மதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் உங்கள் கவலையில் ஒரு நியாயம் உண்டு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. தேசியக் கல்லூரித் தடகளச் சங்கத்தின் விதிகள் களத்தில் பயிற்றுவிப்போரின் எண்ணிக்கையை நீண்டகாலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. தலைமைப் பயிற்சியாளரைத் தவிர ஒன்பது உதவியாளர்களே அனுமதிக்கப்பட்டனர், 2018 ஜனவரியில் அது பத்தானது. அந்தப் பட்டியலில் இல்லாத செயல்பாட்டு இயக்குநர், எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும், ஒரு வீரரிடம் காலை இப்படி வை என்று சொல்லக்கூட விதி இடம் தரவில்லை. தன் கண்முன்னே ஒரு பையன் தவறான தடத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, திருத்தத் தெரிந்தும் திருத்தாமல் நிற்க வேண்டிய நிலை அது. ஒரு ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான விதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 2024 ஜூனில்தான் இந்தத் தடை நீங்கியது. இப்போது அணியின் மற்ற ஊழியர்களும் பயிற்சியிலும் போட்டியிலும் நுட்பங்களைச் சொல்லித் தரலாம், ஊர் ஊராகச் சென்று மாணவர்களைச் சேர்க்கும் பணிக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு நீடிக்கிறது.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு வருமானம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் அனுமதி கிடைத்த பிறகு, அணி மாறுவதும் ஊதியக் கணக்கும் நிர்வாகத்தின் பெரும் வேலையாகிவிட்டன. ஸ்டான்ஃபோர்டு தன் பழைய ஆட்டக்காரரான ஆண்ட்ரூ லக்கை 2024 நவம்பரில் பொது மேலாளராக்கியது இதன் தொடர்ச்சியே. உங்கள் மகன் நிற்கும் அலுவலகத்திலிருந்து இன்று பயிற்சிக்கும் போகலாம், மேலாளர் பதவிக்கும் போகலாம். க்ரூமின் காலத்தில் இருந்த நிலையின்மை மட்டும் மாறவில்லை. தலைமைப் பயிற்சியாளரின் வேலை போனால் இவர்களின் வேலையும் ஆட்டம் காணும், இரண்டு மூன்று முறையாவது ஊர் மாற நேரும் என்பதைக் குடும்பத்தார் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மகனைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சியாளராகும் ஆசை அவருக்கு இன்னும் இருக்குமானால், தன் இயக்குநரிடம் ஒன்றை மட்டும் இப்போதே வெளிப்படையாகக் கேட்கட்டும்: பயண ஏற்பாடுகளை முடித்த பிறகு, பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்து விவாதிக்கும் கூட்டங்களில் அமர்ந்து கேட்க அனுமதி உண்டா என்று. உண்டு என்றால் அங்கேயே இருக்கட்டும். இல்லை என்றால், அடுத்த பருவத்துக்குள் அதை அனுமதிக்கும் ஓர் அணியைத் தேடட்டும், அது சிறிய கல்லூரியின் அணியாக இருந்தாலும் சரி.

அன்புடன்.