பூஜ்யம் என்று வந்த ரிப்போர்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவுக்கு அடிநாக்கில் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாம் மாத பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை. வாய் இறுகிவிட்டது, இரண்டு விரல்கூட நுழையாது. செக்கப் என்றாலே மிரள்கிறார். ரத்தத்தில் சுற்றும் புற்றுசெல்களை எண்ணும் சி.டி.சி. டெஸ்ட் எடுத்தோம், ‘பூஜ்யம்’ என்று வந்தது. அதனால் கடைசி இரண்டு செக்கப்புக்கும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்ட் மட்டும் எடுத்தால் போதுமா? பயாப்ஸி ஊசியால் நோய் பரவியிருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

ஊசியை விடுங்கள். பயாப்ஸி இல்லாமல் சிகிச்சையே தொடங்கியிருக்க முடியாது. முடிந்துபோனதை மனதில் போட்டு உருட்டவேண்டாம்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் பேசவேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வேகும்போதுதான் பலிக்கும். கோடிகளுக்கு நடுவே ஒன்றிரண்டாகக் கிடப்பதைத் தேடும்போது அந்தப் பழமொழி கைவிட்டுவிடும். இந்த டெஸ்டுக்கு வழக்கமாக எடுப்பது 7.5 மில்லி ரத்தம். அதில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 3,500 கோடி, வெள்ளையணுக்கள் மூன்று கோடிக்கு மேல். இந்தக் கூட்டத்துக்குள் புற்றுசெல் இருந்தாலும் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

7.5 மில்லிக்குச் சராசரியாக ஒரு செல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஐந்து லிட்டர் ரத்தத்தில் 650க்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆளிடம் 100 ட்யூப் ரத்தம் எடுத்தால் ஏறக்குறைய 37 ட்யூப்களில் ஒரு செல்கூட இருக்காது. யாரும் தப்புச் செய்யவில்லை. அரிதான பொருளைச் சிறு கையளவில் அள்ளினால் கணக்கு அப்படித்தான் விழும். சராசரி மூன்றாக இருந்தால்கூட 100க்கு 5 ட்யூப் வெறுமையாக வரும். இதெல்லாம் கருவி ஒன்றையும் தவறவிடாது என்று வைத்துப் போட்ட கணக்கு. பாதியைத் தவறவிடுகிறது என்றால், உண்மையில் இரண்டு இருக்கும் ரத்தமும் ஒன்று இருப்பதுபோல நடந்துகொள்ளும். மறுபடி அதே 37.

கருவி தவறவிடவும் செய்கிறது. 2004இல் மார்பகப் புற்றுக்காக அமெரிக்க அனுமதி பெற்ற செல்சர்ச் முறையைப் பாருங்கள். செல்லின் மேல்தோலில் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தை இரும்புத் துகள் பூசிய ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும், காந்தம் இழுக்கும். பிறகு சாயம். உட்கருவும், கெரட்டின் என்ற புரதத்தில் 8, 18, 19 எண் வகைகளும் தெரியவேண்டும். வெள்ளையணுவின் அடையாளமான சி.டி.45 தெரியக்கூடாது. ஆனால் கட்டியிலிருந்து கழன்று ரத்தத்துக்குள் நழுவும் செல், பல சமயம் எப்கேமையே உதறிவிட்டுத்தான் வருகிறது. காந்தம் எதைப் பிடிக்கும்? போதாக்குறைக்கு, தலை, கழுத்துப் புற்றுகளில் பெரும்பாலானவை செதிள் செல்லில் வருபவை. அவற்றுக்கே உரிய கெரட்டின்கள் 5உம் 14உம், இந்தச் சாயம் தேடும் பட்டியலில் அவை இல்லை. 8 மைக்ரான் துளை வடிகட்டியில் அளவை வைத்துப் பிடிக்கும் முறையும் உண்டு; அதில் பெரிய வெள்ளையணுக்கள் சேர்ந்து மாட்டும், வளைந்துகொடுக்கும் புற்றுசெல் நழுவிப்போகும்.

ட்யூபிலும் கோட்டைவிடலாம். ரத்தம் உறையாமல் மட்டும் தடுக்கும் சாதாரண இடிடிஏ ட்யூப் என்றால் சில மணி நேரத்துக்குள் வேலை தொடங்கவேண்டும். செல்லைப் பதப்படுத்தும் ட்யூப் அறை வெப்பத்தில் 96 மணி நேரம் தாங்கும், அதை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. ஊசி குத்தியதும் வரும் முதல் ட்யூபை இந்த எண்ணிக்கைக்கு எடுக்கக்கூடாது. ஊசி துளைத்த தோலின் செல்கள் அதில் கலந்திருக்கும், அவற்றிலும் கெரட்டின் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த முறை, எத்தனை மில்லி, எந்த ட்யூப், எத்தனை மணி நேரம் என்று இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

சரி, ஐந்து என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பரவிய மார்பகப் புற்றில் முதல் கீமோ தொடங்கி 21 நாளுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். எஸ்0500 என்ற அந்த ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. எண்ணிக்கை கூடினால் ஆயுள் குறைகிறது என்பது உறுதியானது. மருந்தை மாற்றியதால் ஆயுள் கூடவில்லை. அந்த எண் முன்கூட்டிச் சொன்னது, வழி காட்டவில்லை. தலை, கழுத்துப் புற்றில் ஆராய்ச்சிகளுக்கு வெளியே அதை வைத்து முடிவெடுக்கும் நிலையே இன்னும் வரவில்லை.

அதை நம்பி இரண்டு செக்கப்பை விட்டிருக்கிறீர்கள். கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், பழைய இடத்திலோ கழுத்து நெறியிலோதான் தலைகாட்டும். ரத்தத்துக்கு முன்னால் மருத்துவரின் விரலுக்குத் தட்டுப்படக்கூடிய இடம். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்வது அதனால்தான். அவருடைய கட்டி பி16 பாசிட்டிவ் என்றால், அதாவது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வந்ததற்கான அடையாளம் இருந்தால், ரத்தத்தில் அந்த வைரஸின் டி.என்.ஏ. துண்டுகளைத் தேடுவது பற்றிக் கேளுங்கள். அது வேறு டெஸ்ட். அதுவும் செக்கப்புக்குப் பதிலாகாது.

அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அடிநாக்கைப் பார்க்க வாய் திறந்தாகவேண்டும் என்றில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய வளையும் கேமராக் குழாயை மூக்கு வழியாகவே இறக்கிப் பார்க்கலாம், சில நிமிட வேலை. வாய் திறக்கவில்லை என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள், 35க்குக் கீழே என்றால் தாடைப் பயிற்சி வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் பட்டிருப்பதால் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பார்த்தார்களா என்றும் கேளுங்கள், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை அது வேண்டும். புதிதாகக் காதுவலியோ கழுத்தில் நெறியோ தெரிந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.