எதைப் பாடாமல் விடுவது?

அன்புள்ள அக்கா,

எங்கள் பங்கில் தமிழ்ப் பாடகர் குழாமை ஆறு மாதமாக நான்தான் நடத்துகிறேன். முன்னர் நடத்திய மாஸ்டர் வயதாகிவிட்டதென்று ஒரு கொப்பியையும் ஒரு பை நிறைய போட்டோக்கொப்பிகளையும் தந்துவிட்டு ஒதுங்கிவிட்டார். மொத்தம் பதினாலு பேர். ஆண்கள் நாலு, அதில் பேஸ் என்ற தாழ்ந்த குரலில் பாடுபவர் ஒருவர்தான், அவருக்கும் இரவு டியூட்டி வந்தால் வரமாட்டார். நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலம் வருகிறது. பிள்ளைகள் முதல் ஞாயிறே நத்தார்ப் பாட்டு வேண்டும் என்கிறார்கள், சுவாமி கூடாது என்கிறார். நத்தார் இரவுக்கு ஹல்லேலூயா கோரஸ் பாட எல்லோருக்கும் ஆசை. எந்த ஞாயிறுக்கு எந்தப் பாட்டு என்று வருடத்துக்கு ஒரு பட்டியல் தருவீர்களா?

கொட்டாஞ்சேனை வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பட்டியல் தரமாட்டேன். உங்கள் பதினாலு பேரின் குரலை நான் கேட்டதில்லை, உங்கள் சனங்களுக்கு எந்தப் பாட்டு மனப்பாடம் என்றும் தெரியாது. ஆனால் எந்தக் காலத்தில் எதைப் பாடாமல் விடுவது என்று முதலில் எழுதிக்கொண்டீர்களென்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப் பாடல் கிடையாது. திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனி இரவுப் பாஸ்குத் திருவிழிப்பு வரைக்கும் அல்லேலூயா கிடையாது. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான், தனியாக வாசிக்கக் கூடாது. நாலாம் ஞாயிறுக்கும் பெருவிழாக்கள் விழாக்களுக்கும் விலக்கு உண்டு. இதெல்லாம் திருப்பலி நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது, சுவாமி சொந்தமாகக் கண்டுபிடித்த கண்டிப்பு இல்லை. நான் பாடிய குழாமில் ஒரு வருடம் தவக்காலம் முழுக்கக் கீபோர்டை மூடியே வைத்தோம். சுருதி இறங்கிப் போய் மானம் கப்பலேறிய ஞாயிறுகளும் உண்டு. ஆனால் அந்த வருடத் திருவிழிப்புச் சனிக்கிழமை இரவு ‘உன்னதங்களிலே’ தொடங்கி மணிகளும் கீபோர்டும் ஒன்றாக எழுந்தபோது முன் வாங்கில் இருந்த குழந்தையொன்று பயந்து வீறிட்டு அழுதது. எனக்கு அது பெரிய பாராட்டு.

நத்தார்ப் பாட்டு விஷயத்தில் நான் சுவாமி பக்கம். பேட்டைக் கடைகளில் நவம்பரிலேயே கரோல் தொடங்கிவிடுகிறது, பாடசாலைகள் டிசம்பர் லீவுக்கு முன்னமே கரோல் நிகழ்ச்சிகளை முடித்துவிடுகின்றன, கடைசியில் 25ஆம் திகதி வரும்போது தொண்டையும் மனசும் களைத்துப்போய் 27ஆம் திகதி பூசைக்கு மூன்று பேர் நிற்கிறோம். நத்தார்க்காலம் தொடங்குவதே 24ஆம் திகதி மாலையில்தான், ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் போகிறது. பிள்ளைகளிடம் அந்த நாட்களைக் காட்டுங்கள். திருவருகைக்காலத்தில் டிசம்பர் 16 வரை வாசகங்கள் பெரும்பாலும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானின் குரலையும் பற்றியவை. 17ஆம் திகதியிலிருந்துதான் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. அப்போது மரியாள் பாடல்களையும் இம்மானுவேல் பாடல்களையும் கொடுத்தால் அவர்களுக்கும் திருப்தி.

அப்புறம் ஹல்லேலூயா கோரஸ். கொழும்பில் அது நத்தார்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. இசையமைப்பாளர் ஹாண்டல் அதை வைத்த இடம் ‘மெசையா’ என்ற அவருடைய பெரிய இசைப் படைப்பின் இரண்டாம் பாகத்தின் முடிவு, பாடுகளும் உயிர்ப்பும் பாடி முடிந்த பிறகு. சொற்கள் திருவெளிப்பாட்டிலிருந்து வந்தவை, மாட்டுத் தொழுவமே அதில் இல்லை. முதல் அரங்கேற்றம் டப்ளினில், 1742 ஏப்ரல் 13, பாஸ்குக்குச் சில நாட்கள் முன்னால். ஆகவே பாஸ்குக்கோ கிறிஸ்து அரசர் விழாவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ‘என்றென்றும் ஆள்வார்’ என்ற அடியை முதலில் எடுத்துக்கொடுப்பது பேஸ்தான். உங்கள் ஒரே பேஸ் அன்றைக்கு டியூட்டியில் இருந்தால்?

நாலு குரலில் ஏதாவது பாடத்தான் வேண்டும் என்றால் மொசார்ட்டின் ‘ஆவே வெரும் கோர்ப்புஸ்’ என்ற லத்தீன் பாட்டை எடுங்கள். 46 தாள அளவுகள் (bars) தான். 1791இல் வியன்னாவுக்குப் பக்கத்திலுள்ள பாடனில் கோயில் பாடகர்களை நடத்திய நண்பர் அன்டன் ஸ்டோலுக்காக, நற்கருணைப் பெருவிழாவுக்கென்று எழுதிக்கொடுத்தார். மெல்லப் பாடச் சொல்லியே எழுதியிருப்பதால் கத்துகிறவர் யாரென்று உடனே தெரிந்துவிடும். பெரிய வியாழனுக்கும் பொருந்தும்.

அந்த போட்டோக்கொப்பிப் பையில் நான் பயப்படுவது மேனாட்டு மெட்டில் ஏற்றிய தமிழ்ப் பாட்டுகளுக்குத்தான். மெட்டு நீளுகிற இடத்தில் குறில் வந்து மாட்டிக்கொண்டால் தமிழ் பழிவாங்கிவிடும். ‘வரம் தாரும்’ என்பது ‘வாரம் தாரும்’ ஆகிறது, ‘என் மனம்’ ‘என் மானம்’ ஆகிறது. பழகும் முன் சொற்களை மட்டும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும், பிறகு மெட்டோடு பாடிப் பாருங்கள். பொருள் மாறினால் மெட்டு எவ்வளவு பெரியவருடையதாக இருந்தாலும் ஒதுக்குங்கள். என் கொப்பியில் இப்படி ஒதுக்கியவை நிறைய, அதில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை.

தவக்கால வெள்ளிகளுக்கு நீங்கள் லத்தீன் தேடி அலைய வேண்டியதே இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார்கள். எழுதியவர் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, 1705இல் இலங்கைக்கு வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவர் இறந்ததும் 1742இல்தான், டப்ளினில் ஹல்லேலூயா பாடிய அதே வருடம். உங்கள் பங்கில் மன்னாரிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு அம்மாவாவது இருப்பார், அவரை ஒருநாள் பிராக்டிசுக்குக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லுங்கள். நோட்ஸ் எழுத முயலாதீர்கள், கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற ஞாயிறுகளுக்கெல்லாம் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலிலிருந்து தொடங்குங்கள். அதைப் பாடிவிட்டு, நற்செய்தியையும் வாசித்துவிட்டு, பிறகுதான் வருகைக்கும் காணிக்கைக்கும் திருவிருந்துக்கும் கொப்பியைத் திறக்க வேண்டும். பாடியதைத் திகதியோடு குறித்துவையுங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வாசகங்கள் மூன்று வருடத்தில் சுற்றி வருகின்றன, நாலாம் வருடம் அந்தக் கொப்பிதான் நீங்கள் என்னிடம் கேட்ட பட்டியல். மாஸ்டரின் கொப்பியிலும் ஓரத்தில் ஏதாவது கிறுக்கியிருப்பார். ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதெல்லாம் என்னவென்று கேட்டு வாருங்கள். பேஸ் பாட ஆள் யாரையாவது தெரியுமா என்றும் கேளுங்கள்.