பூனைக்கு கொரோனா பாசிட்டிவ், குழந்தைக்கு ஆபத்தா?

வணக்கம் சகோதரி. பூனையின் மலப் பரிசோதனையில் கொரோனா வந்திருக்கிறது, கைக்குழந்தை உள்ள வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைத்திருங்கள். கொரோனா கிருமிக் குடும்பத்தில் பல வகைகள் உண்டு. அது ஆல்ஃபா வகைப் பூனைக் கொரோனா, மனிதருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. கோவிட் கிருமி பீட்டா வகை, இரண்டும் வேறு.

நாய்க் கொரோனா கதைதான் கொஞ்சம் வேறு. 2017-18இல் மலேசியாவின் சரவாக்கில் நிமோனியா நோயாளிகள் 301 பேரில் 8 பேரிடம் அதை ஒத்த கிருமி தென்பட்டது. நோய்க்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை.

எனக்கு உங்கள் பூனையைப் பற்றித்தான் கவலை. சில பூனைகளில் இந்தக் கிருமி உடலுக்குள்ளேயே உருமாறி எஃப்ஐபி என்ற உயிரைப் பறிக்கக்கூடிய பூனை நோயாகிவிடும். விடாத காய்ச்சல், வயிறு வீக்கம், எடை குறைவு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு கைவிட்டுவிடுவார்கள், இப்போது ஜிஎஸ்-441524 மருந்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன.